முப்பாட்டன் இல்லாத தண்ணீர்

(ஓசூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை எழுதுகிற ஒருவனைக் கூப்பிட்டுச் சாக்கடைத் தண்ணியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இலக்கியக் கூட்டங்களுக்கு நம்மைக் கூப்பிட்டால் வலியைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். பேசி முடித்ததும் ‘ரொம்ப உருக்கமா இருந்துச்சு’ என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். இன்னைக்கு உருக்கம் வேண்டாம். கணக்குப் பேசலாம். பகலெல்லாம் வங்கியில் கணக்கு எழுதுகிறவன் நான். யார் பேரில் வரவு, யார் பேரில் பற்று என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. தண்ணீரையும் அப்படித்தான் பார்க்கப் போகிறேன்.

நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து வயலுக்குப் பாய்ச்சுவது பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அரசு பேசுகிறது, உலக வங்கி பேசுகிறது, சுற்றுச்சூழல்காரர்கள் பேசுகிறார்கள். நாம்தான் பேசவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டது. இந்திய நகரங்களிலிருந்து நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் வெளியேறுகிறது. அதில் உண்மையாகச் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர். மிச்சம் எங்கே போகிறது? ஆற்றுக்கும் ஏரிக்கும், நம்ம தெருவுக்கும் போகிறது. இத்தனை தண்ணியை வீணாக்காதே, வயலுக்குத் திருப்பு என்றால் அதில் தப்பு என்ன இருக்கு? ஒரு தப்பும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தண்ணியை எதிர்த்துப் பேச நான் வரவில்லை. இது யாருக்குப் போகிறது, யார் கைவழியாகப் போகிறது, யார் காலடியில் தேங்குகிறது என்று கேட்க வந்திருக்கிறேன்.

உலகத்துக்கு இது புதிதும் இல்லை. மெக்சிகோ நகரத்தின் சாக்கடை நூறு வருசத்துக்கும் மேலாக மெஸ்கிட்டால் சமவெளி நிலங்களுக்குப் பாய்கிறது. அங்கே பெரிய சுத்திகரிப்பு நிலையம் வரப்போகிறது என்றதும் விவசாயிகள் பயந்தார்கள். ஏன்? தண்ணியோடு வருகிற தழைச்சத்தும் மணிச்சத்தும் போய்விடும், உரத்துக்குக் காசு கொடுக்க வேண்டிவரும் என்ற பயம். மலத்தில் இருக்கிற நைட்ரஜனும் பாஸ்பரசும் கடையில் மூட்டையாக விற்கிற உரத்தில் இருப்பதேதான். பயிருக்கு அது தெரியும். பயிருக்குச் சாதி கிடையாது.

பொதுவாகப் பேசினால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு பேசலாம். இங்கிருந்து பக்கம்தான். கோலார்.

கோலாரை நாம் அந்நிய ஊர் என்று சொல்ல முடியாது. கோலார் தங்கவயலில் பாறைக்குள் இறங்கிய தமிழர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து போனவர்கள். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய பத்திரிகையை அங்கே காசு சேர்த்து வாங்கிப் படித்தார்கள். அவர் மறைந்த பிறகு ‘தமிழன்’ மறுபடி வெளிவந்ததும் அந்தத் தங்கவயலிலிருந்துதான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போன இடம் எல்லோருக்கும் தெரியும். தோண்டியவன் வீடு இன்னும் அந்தத் தகரக் கொட்டகை வரிசையில்தான் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் இப்போது இன்னொரு செல்வம் குழாய் வழியாக வந்து இறங்குகிறது. இதிலாவது நம் கணக்கு என்ன என்று முன்கூட்டியே கேட்க வேண்டாமா?

கோலாரில் வற்றாத ஆறு கிடையாது. ஆயிரக்கணக்கில் ஏரிகள் உண்டு, மழை ஏய்த்தால் அத்தனையும் காய்ந்த மண். ஆயிரம் அடிக்குக் கீழே போனாலும் சில இடங்களில் போரில் புகைதான் வரும். வந்த தண்ணியிலும் ஃப்ளோரைடு. இன்னொரு பக்கம் பெங்களூரு. நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காவிரியை மேடேற்றி இழுத்துக் குடிக்கிற நகரம். குளித்து, துவைத்து, கக்கூசில் ஊற்றிய பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கோரமங்கலா, சல்லகட்டா என்ற பள்ளத்தாக்கு வழியாக பெல்லந்தூர் ஏரி, வர்தூர் ஏரி, அப்புறம் தென்பெண்ணை, அப்புறம் நம்ம கெலவரப்பள்ளி அணை. பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பிடித்து எரிந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கெலவரப்பள்ளியில் மதகு திறந்தால் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதைப் பத்திரிகையில் பார்க்க வேண்டியதில்லை, பஸ் ஏறிப்போனால் பார்க்கலாம். அந்தத் தண்ணியில்தான் ஓசூர்ப் பக்கம் விவசாயம் நடக்கிறது. கழிவுநீர்ப் பாசனம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்காமலே நடக்கிறது.

கர்நாடக அரசு என்ன செய்தது என்றால், இந்தப் பள்ளத்தாக்கின் கழிவுநீரை இரண்டாம் நிலை வரைக்கும் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் குழாயில் ஏற்றி, கோலாருக்குத் திருப்பும் திட்டம் போட்டது. கே.சி. வேலித் திட்டம் என்று சொல்கிறார்கள். செலவு 1,300 கோடிக்கு மேல். 2018 ஜூனில் முதல் தண்ணீர் லட்சுமிசாகர ஏரியில் விழுந்தது. அங்கிருந்து நிரம்பி நிரம்பி, ஏரிக்கு ஏரி, நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்குப் போக வேண்டும். ஜூலையிலேயே அந்த ஏரியில் நுரை கிளம்பியது. வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது, பிறகு நீக்கியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, அதுவும் பிறகு நீங்கியது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

வழக்குப் போட்டவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஏன் இரண்டாம் நிலையோடு நிறுத்தினாய்? மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு எங்கே? கிணற்று நீர் கெட்டுப்போனால் யார் பொறுப்பு? இதை நாமும் கேட்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆதரிக்கிறவர்களுக்கும் எதிர்க்கிறவர்களுக்கும் நடுவில் நடந்த இத்தனை பெரிய சண்டையில் தண்ணியின் தரத்தைப் பற்றித்தான் பேச்சு. தண்ணியின் பங்கைப் பற்றி எங்கே பேச்சு? 2011 கணக்கெடுப்பின்படி கோலார் மாவட்டத்தில் நூற்றுக்கு முப்பது பேர் பட்டியல் சாதியினர். கர்நாடகத்திலேயே அதிக விகிதம் அங்கேதான். அந்த முப்பது பேருக்கு எத்தனை லிட்டர் என்று எந்தத் தரப்பும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் திட்டத்தின் உள்வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். ஏரியிலிருந்து நேராகத் தண்ணீர் இறைக்கக் கூடாது, வாய்க்காலில் மோட்டார் போடக் கூடாது. இந்தத் தண்ணீர் ஏரியில் நின்று, மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடியில் ஊறுவதற்கு மட்டும்தான். மண்ணே வடிகட்டி என்கிறார்கள். அறிவியல்படி அதில் பாதி நியாயம் உண்டு. நிலத்தடி நீர்மட்டம் ஏறியிருப்பதை இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்களும் அளந்து சொல்லியிருக்கிறார்கள். சரி, நீர்மட்டம் ஏறிவிட்டது. ஏறின தண்ணியை மேலே கொண்டுவர என்ன வேண்டும்?

போர் வேண்டும். போர் போட நிலம் வேண்டும். நிலத்துக்குப் பத்திரம் வேண்டும்.

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன். போருக்கும் மோட்டாருக்கும் கடன் கேட்டு வருகிறவரிடம் முதலில் நீட்டச் சொல்வது பட்டாவும் சிட்டாவும் அடங்கலும். கர்நாடகத்தில் அதற்குப் பஹணி என்று பெயர். பெயர் எதுவானால் என்ன, காகிதத்தில் பெயர் இருக்கிறவருக்குத்தான் கடன். கூலி வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்து, ‘எங்க ஊரு ஏரி ரொம்பிடுச்சு சார், எனக்கும் ஒரு போருக்குக் கடன் குடுங்க’ என்று கேட்டால் எந்தப் படிவத்தில் எழுதுவது? அப்படி ஒரு படிவம் எந்த வங்கியிலும் அச்சடிக்கவில்லை. நாட்டு மக்களில் நாம் 16.6 சதவீதம். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் நம் கையில் இருக்கிற சாகுபடி நிலம் பத்து சதவீதம்கூட இல்லை. பட்டியல் சாதி சிறுவிவசாயிகளுக்கு அரசே போர் போட்டுத் தரும் கங்கா கல்யாணா என்ற திட்டம் கர்நாடகத்தில் இருக்கிறது, நல்ல திட்டம். அதற்கும் குறைந்தபட்ச நிலம் கையில் இருக்கணும்.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். குழாய் போட்டது பொதுப்பணம். பம்பு ஓடுவது பொதுப்பணம். ஏரி பொதுச்சொத்து. 10 குதிரைத்திறன் வரைக்குமான பாசன மோட்டாருக்கு அங்கே மின்சாரமும் இலவசம், அதுவும் பொதுப்பணம். கடைசியில் தண்ணீர் வெளியே வருகிற இடம் மட்டும் தனியார் நிலம். நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொது என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். நிலத்தின் மேலே சாதி இருக்கும்போது நிலத்தின் அடியில் மட்டும் எப்படிச் சமத்துவம் இருக்கும்?

ஏரிப் பாசனத்தில் நமக்கு இருந்த பழைய வேலையை நினைத்துப் பாருங்கள். கோலார்ப் பக்கம் நீருகண்டி என்று ஒருவர் இருப்பார். மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பார்த்துப் பாய்ச்சுவது, இரவில் கரையைக் காவல் காப்பது எல்லாம் அவர் வேலை. நம் பக்கம் நீர்க்கட்டி என்றும் மடையர் என்றும் சொல்வோம். கோலாரிலும் நம்மிடத்திலும் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊருக்கே தண்ணீர் பங்கு வைத்தவருக்குத் தன் பங்கென்று ஒரு வாய்க்கால் கிடையாது. அறுவடையில் கொஞ்சம் தானியம், சில ஊர்களில் ஒரு துண்டு மானியம், அவ்வளவுதான். மடையன் என்பது இன்றைக்கு வசவு. மடையைக் காத்தவனின் பேரும் முட்டாளைத் திட்டுகிற வசவும் ஒரே சொல்லாக இருக்கிற மொழி நம்முடைய மொழி. இதைத் தமிழ் வாத்தியார்கள் வகுப்பில் சொல்லித் தருவதில்லை.

போர்வெல் வந்ததும் நீருகண்டி போனார். ஏரிக்கரையில் நின்று ‘இன்னைக்கு உனக்கு, நாளைக்கு அவருக்கு’ என்று சொன்ன ஒரே தலித் குரலும் போயிற்று. அவரவர் நிலத்தில் அவரவர் மோட்டார். இப்போது ஏரி மறுபடி நிரம்புகிறது. நீருகண்டி திரும்பி வரவில்லை. இந்தத் தண்ணியைப் பங்கு வைக்க ஆளே தேவையில்லை என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். பூமிக்கு அடியில் இருப்பதைப் பங்கு வைப்பது எப்படி, ஆழமாகத் தோண்டுகிறவனுக்கு அதிகம். அவ்வளவுதான்.

அடுத்து, தீட்டு. இதைப் பேசாமல் இந்த விசயத்தைப் பேசவே முடியாது.

1927 மார்ச் 20இல் பாபாசாகேப் மகாத்தில் சவுதார் குளத்துக்குப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். எதை வைத்து? மாட்டுச் சாணம், மூத்திரம், பால், தயிர். நூற்றெட்டுக் குடங்களில் கலந்து, மந்திரம் சொல்லி. ஒரு மனிதக் கை பட்டதால் வந்த அழுக்கை மாட்டு மூத்திரம் ஊற்றிக் கழுவினார்கள். ஆக இந்து மனத்துக்கு அழுக்கு என்றால் கிருமி இல்லை, நாற்றமும் இல்லை. ஆள்தான் அழுக்கு.

இதைப் பழைய கதை என்று தள்ள வேண்டாம். கே.சி. வேலித் தண்ணீர் கோலாருக்கு வந்து நாலு வருசம் கழித்து, 2022 செப்டம்பரில், அதே மாவட்டத்தில் மாலூர் தாலுகா உள்ளேரஹள்ளியில் பதினைந்து வயது தலித் பையன் ஒருவன் சாமி ஊர்வலத்துக்கான ஒரு கம்பைத் தொட்டுவிட்டான். ஊர் கூடி 60,000 ரூபாய் அபராதம் போட்டது. யோசித்துப் பாருங்கள் தோழர்களே. பெங்களூருவின் எல்லாச் சாதியும் எல்லா மதமும் கழித்த தண்ணீர் குழாயில் வந்து ஒரு மாவட்டத்தின் ஏரிகளில் நிற்கிறது, எந்த ஏரிக்கும் யாரும் அபராதம் போடவில்லை. போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, தண்ணியை ஏற்றுக்கொண்டது நல்லதுதான். மலம் கலந்த தண்ணியை இயந்திரத்தில் ஓடவிட்டால் தீட்டுப் போய்விடுகிறது என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒரு பையனின் விரலுக்கு மட்டும் அப்படி ஒரு இயந்திரம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது.

வார்த்தைகளையும் பாருங்கள். சாக்கடை முதலில் கழிவுநீர் ஆனது. பிறகு சுத்திகரிக்கப்பட்ட நீர் ஆனது. இப்போது அரசு ஆவணங்களில் நீர்வளம். படிப்படியாகப் பதவி உயர்வு. அதே காலத்தில் தோட்டியைத் துப்புரவுப் பணியாளர் என்றார்கள். 2020இல் தமிழ்நாட்டில் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். தண்ணிக்குப் பேர் மாறும்போது விலையும் மாறியது, மதிப்பும் மாறியது. மனிதனுக்குப் பேர் மட்டும் மாறியது.

ஏனென்றால் குழாயின் இந்தப் பக்கத்தை நாம் பார்த்தோம், அந்தப் பக்கம் மேன்ஹோல் இருக்கிறது. வயலுக்கு வருகிற ஒவ்வொரு லிட்டரும் அதன் வழியாகத்தான் வருகிறது. அடைப்பு எடுக்காமல் சாக்கடை ஓடாது, சாக்கடை ஓடாமல் சுத்திகரிப்பு நிலையம் ஓடாது. 2018 ஜனவரியில் பெங்களூருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்புத் தொட்டியில் இறங்கிய மூன்று பேர் விஷவாயுவில் செத்துப்போனார்கள். அதே ஆண்டு ஜூனில்தான் கோலாரில் தண்ணீர் திறந்து மாலை போட்டார்கள். முன்னெல்லாம் மேன்ஹோலில் சாவோம். இப்போது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கட்டுகிற தொட்டியிலும் சாகிறோம். கழிவுநீரை மறுபயன்பாடு செய் என்று ஒவ்வொரு வளாகத்துக்கும் ஆணை போடுகிறவர்கள், அந்தத் தொட்டியில் யார் இறங்குவார் என்று ஆணையில் எழுதுவதில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993இல் ஒன்று. 2013இல் இன்னொன்று. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்தவர்கள் 377 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 2024இல் அரசு விவரம் திரட்டிய சாக்கடைத் தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர். இழப்பீட்டுத் தொகை ஏறுகிறது. இறங்குகிற சாதி மாறவில்லை.

கர்நாடகத்தில் பி. பசவலிங்கப்பா என்று ஒரு தலித் மந்திரி இருந்தார். மலத்தைத் தலையில் சுமக்கிற வழக்கத்தை 1970களின் தொடக்கத்திலேயே தடை செய்தவர். அதே மனிதர் 1973இல், கன்னட இலக்கியத்தில் பெரும்பாலானவை பூசா, அதாவது மாட்டுத் தீவனம் என்று சொன்னார். கலவரம் நடந்தது, மந்திரி பதவி போயிற்று. அந்தக் கொந்தளிப்பில்தான் அங்கே தலித் இயக்கம் வேர்விட்டது. எனக்கு இந்த இரண்டும் ஒரே காரியமாகத் தெரிகிறது. தலையிலிருந்து கூடையை இறக்கியவர்தான் இலக்கியத்தையும் முகர்ந்து பார்த்துச் சொன்னார். சமூகம் முதலாவதைச் சகித்துக்கொண்டது, இரண்டாவதைச் சகிக்கவில்லை.

வயலுக்கு வருவோம். இந்தத் தண்ணீர் நிற்கிற வயலில் வெறுங்காலோடு நிற்பது யார்? நிலக்காரர் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு வரப்பில் நிற்பார். நாற்று நடுவதும் களை எடுப்பதும் தக்காளி பறிப்பதும் நம் பெண்கள். சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீரில் குடற்புழுக்களின் முட்டை இருக்கும். கொக்கிப்புழு மண்ணிலிருந்து காலின் தோல் வழியாகவே ஏறும். ஏறி ரத்தத்தைக் குடிக்கும். நம் பெண்களுக்கு ஏற்கெனவே ரத்தசோகை. பாசனத்துக்கு விடுகிற கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இலேயே அளவு சொன்னது. 2006இல் இன்னும் விரிவாகச் சொன்னது. தண்ணியைக் குட்டையில் தேக்கி முட்டைகளைப் படியவிடு, அறுவடைக்குச் சில நாள் முன்னால் பாய்ச்சலை நிறுத்து, வேலை செய்கிறவர்களுக்குக் கால் உறை கொடு, புழு மாத்திரை கொடு. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. காய் வாங்கித் தின்கிறவரின் வயிறு கெடும் என்ற பயம் நகரத்துக்கு உண்டு. வயலில் நிற்கிற காலைப் பற்றிய பயம் யாருக்கும் இல்லை.

குடிதண்ணியும் அப்படித்தான். ஏரியில் ஊறுகிற தண்ணீர் பாசனப் போருக்கு மட்டும் போகாது. சேரியின் குடிநீர்ப் போருக்கும் அதே அடியிலிருந்துதான் வரும். ஊரில் வசதி உள்ளவர் கேன் வாங்கிக் குடிப்பார். நம் தெருவில் ஒரே குழாய். ஏரி நீர் கெட்டால் முதலில் தெரிவது நம் பிள்ளைகளின் உடம்பில்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தோழர் என்னிடம் கோபமாகக் கேட்டார். ‘காலம் காலமா மலத்தோட கிடன்னு சொன்னான். இப்ப மலத் தண்ணியில பங்கு வேணும்னு நாமளே போய்க் கேட்கணுமா? நல்ல தண்ணி அவனுக்கு, சாக்கடை நமக்கா?’ கோபம் நியாயம். ஆனால் அந்தக் கூச்சம் யாருடையது என்று யோசிக்கணும். சரியாகச் சுத்திகரித்துப் பரிசோதித்த தண்ணீர், தண்ணீர்தான். அதைத் தீட்டு என்று ஒதுக்கினால் மனுவின் மூளையோடு நாம் யோசிக்கிறோம் என்று அர்த்தம். நிலக்காரர்கள் ஒதுக்கவில்லை, பாருங்கள். வருமானம் என்றதும் தீட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். நாம் மட்டும் ரோசப்பட்டு விலகி நின்றால் அவர்களுக்கு அதைவிட வசதி வேறு கிடையாது. மூன்றாம் நிலை வரை சுத்திகரி என்று கேட்போம். பங்கும் கேட்போம். ரெண்டையும் சேர்த்துக் கேட்போம்.

இன்னொரு வாதமும் உண்டு, அதில் எச்சரிக்கையாக இருக்கணும். ‘நாங்கள்தான் சாக்கடை அள்ளுகிறோம், அதனால் எங்களுக்குப் பங்கு கொடு’ என்று கேட்பது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படிக் கேட்டால் மலம் அள்ளுவதே நம் உரிமைப் பத்திரம் ஆகிவிடும். அந்தப் பட்டா நமக்கு வேண்டாம். அந்த வேலையை விட்டு நாம் வெளியே வர வேண்டும். எவனும் குழிக்குள் இறங்கக் கூடாது, நம் சாதிக்காரனும் கூடாது, வேறு சாதிக்காரனும் கூடாது. அப்படியானால் எதை வைத்துப் பங்கு கேட்பது?

நான் சொல்ல வந்த விசயம் இதுதான். பழைய தண்ணிக்கெல்லாம் சொந்தக்காரன் இருக்கிறான். ஆற்றுத் தண்ணி என்றால் முன்னுரிமை, ஆயக்கட்டு, மாமூல் பாத்தியதை. கர்ணம் எழுதிய கணக்கு, வெள்ளைக்காரன் எழுதிய கணக்கு. நிலம் யார் பேரிலோ தண்ணீரும் அவர் பேரில். நாம் அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் பெங்களூருவிலிருந்து குழாயில் வருகிற இந்தத் தண்ணிக்கு முப்பாட்டன் கிடையாது. ‘எங்க தாத்தா காலத்துல இருந்து இந்தச் சாக்கடை எங்களுது’ என்று சொல்ல எந்த நிலக்காரருக்கும் வாய் கிடையாது. எந்தக் கல்வெட்டிலும் இது இல்லை. இது முழுக்கப் பொதுப்பணத்தில் பிறந்த தண்ணீர். புதுத் தண்ணியைப் புது முறையில் பங்கு வைக்கலாம். நில அளவை வைத்துப் பங்கு வைக்க வேண்டிய கட்டாயம் எங்கேயும் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று வைக்கலாம்.

நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. மகாராட்டிரத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே என்ற பொறியாளர் 1972 பஞ்சத்துக்குப் பிறகு பாணி பஞ்சாயத்து என்று தொடங்கினார். நில அளவைப் பார்க்காமல் குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்துத் தண்ணீர் ஒதுக்கினார்கள். நிலமில்லாதவருக்கும் பங்கு. கரும்பு போடக் கூடாது. அரியானாவில் சுக்கோமாஜ்ரி என்ற கிராமத்தில் 1970களின் கடைசியில் புதிதாக அணை கட்டியபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் சமபங்கு என்று முடிவெடுத்தார்கள். நிலமில்லாதவர் தன் பங்கை மற்றவருக்கு விற்கலாம். இவை தலித் இயக்கம் நடத்திய காரியங்கள் இல்லை. குறைகளும் உண்டு. ஆனால் நிலம் வேறு, தண்ணீர் உரிமை வேறு என்று இரண்டையும் பிரித்துக் காட்டின. அந்தப் பிரிப்புதான் நமக்கு வேண்டும்.

அப்படிப் பார்த்தால் நாம் கேட்க வேண்டியது என்ன? ஏரி நிரம்புகிற ஒவ்வொரு ஊரிலும் நிலமில்லாத குடும்பங்களுக்குக் கூட்டாகப் பொது ஆழ்குழாய்க் கிணறு, அரசு செலவில். புறம்போக்கிலோ மீட்கப்பட்ட நிலத்திலோ அவர்களுக்குக் கூட்டுச் சாகுபடி. ஏரி மீன் ஏலத்தில் தலித் பெண்கள் குழுக்களுக்கு முதல் உரிமை. தனியார் போர்களில் எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கு அளவு. சேரிக் குடிநீருக்கு மாதாமாதம் பரிசோதனை, முடிவைத் தெருவில் எழுதி ஒட்ட வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களில் நிரந்தர வேலை, ஆள் இறங்காத இயந்திரம். தண்ணியில் வருகிற லாபத்தில் ஒரு பகுதி அந்தத் தொழிலாளர் பிள்ளைகள் அந்த வேலைக்கு வராமல் இருப்பதற்கு.

கோலார் என்று சொன்னேன். நாளைக்கு இது நம் ஊருக்கும் வரும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டரை மூன்றாம் நிலைக்கும் மேலே சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் 2019இல் வந்துவிட்டன. ஆலைக்கு என்றால் உயர்ந்த தரத்தில் சுத்திகரிக்கக் காசு இருக்கிறது. கிராமத்து ஏரிக்கு என்றால் இரண்டாம் நிலை போதும். எந்தத் தண்ணீர் யாருக்கு என்பதை இதிலேயே படிக்கலாம்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். கட்டுரை எழுத வேண்டாம், கவிதையும் வேண்டாம். கெலவரப்பள்ளி வாய்க்கால் பாயும் ஒரு ஊருக்கோ, எல்லை தாண்டிக் கோலாரில் நிரம்பிய ஏரி இருக்கிற ஒரு ஊருக்கோ போங்கள். நாலு கேள்வி கேளுங்கள். இந்தத் தண்ணீரை இறைக்கிற மோட்டார்கள் எத்தனை, யார் யார் பேரில் இருக்கின்றன? சேரிக் குடிநீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? ஏரி காய்ந்து கிடந்தபோது அதற்குள் மாடு மேய்த்தவர்கள் இப்போது எங்கே மேய்க்கிறார்கள்? இந்தத் தண்ணி வந்த பிறகு கூலி எத்தனை ரூபாய் ஏறியது? நாட்டு நடப்பைப் பற்றி நாலு புத்தகம் சொல்லாததை இந்த நாலு பதில் சொல்லும். பதில்களைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள், போடுவார்கள்.

இந்தத் தண்ணிக்கு இன்னும் முப்பாட்டன் கிடையாது என்று சொன்னேன். இருபது வருசம் நாம் பேசாமல் இருந்தால் முளைத்துவிடுவான். அதற்குள் பேச வேண்டும்.

கேள்விகள் இருக்கும். சண்டைகளும் இருக்கும். வாங்க, விவாதிக்கலாம்.